காலி என்று சொன்ன அறை

டிக், டிக், கிர்ர்.

பிலோமினாவின் பழைய கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். உள்ளே ஹார்டு டிஸ்கில், ஒரே தட்டின் மேல் மூன்று அறைகள் குடியிருந்தன. மூன்றுக்கும் கேட்டதை ஓடியோடி எடுத்துக் கொடுக்கும் முள்ளின் காலடிதான் அது.

முன்பொரு நாள் அவள் தம்பி ஜெரோன் அந்தத் தட்டை மூன்றாக வகுத்தான். முதல் அறை பாட்டையும் படத்தையும் ஒரு முறையில் அடுக்கும். நடு அறை வேறு முறையில் அடுக்கும். ஒருவர் அடுக்கு மற்றவருக்கு விளங்காது. கடைசி அறை சின்னது, பெரிய மூட்டை தாங்காது. ஆனால் அதன் எளிய அடுக்கு எல்லோருக்கும் புரியும்.

ஜெரோன் கடலுக்குப் போனான், திரும்பவில்லை. அவன் பாடிப் பதிந்த பாட்டுகளெல்லாம் நடு அறையில் இருந்தன. பிலோமினாவுக்கு அது தெரியாது. அவள் பழக்கமெல்லாம் முதல் அறையோடுதான்.

அன்று காலை அவளுக்கு இடம் போதவில்லை. முதல் அறை சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரையில் எழுதியது: "பக்கத்து அறை காலி. துடைத்துத் தரவா?"

முள்ளுக்குத் திக்கென்றது. துடைக்கும் வேலை அதற்குத்தானே.

"அண்ணாச்சி, அங்க ஆளு இருக்கு," என்றது முதல் அறையிடம்.

"கூப்பிட்டுப் பாத்துட்டேன். பதிலே இல்ல."

"தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேனே!" என்றது நடு அறை. முதல் அறையின் காதில் அது வெறும் இரைச்சலாக விழுந்தது.

"கேட்டியா? குப்பை உருளுது. துடைச்சாத்தான் சுத்தமாகும்."

பிலோமினாவின் விரல் 'சரி'க்கு மேலே வந்து நின்றது.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம்," என்றது கடைசி அறை.

"பெட்டிக்கடைக்கெல்லாம் வாய் வந்துருச்சா?"

"பெட்டிக்கடைதான். ஒரு பாட்டு கிடக்கு, கேளுங்க. அக்கா கேக்கட்டும்னு ஜெரோன் நகலெடுத்து வச்சது."

முதல் அறை கேட்டது. அலைச் சத்தத்துக்கு நடுவே ஒரு வாலிபக் குரல்.

"நல்லாத்தான் பாடுறான். எங்கேருந்து எடுத்தான்?"

"நீங்க காலின்னு சொன்ன எடத்துலேருந்து."

முதல் அறை மறுபடி சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பிறகு திரையில் இருந்ததை அழித்துவிட்டு எழுதியது: "பக்கத்து அறையில் ஏதோ இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை."

பிலோமினா வெடுக்கென்று விரலை எடுத்தாள். "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? தம்பி அடுக்குன எடமா இருக்கும். அவன் கூட்டாளிய வரச் சொல்லித்தான் திறக்கணும்."

முள் மூச்சு விட்டது. முதல் அறை கேட்ட படமொன்று பாதியில் நின்றிருந்தது. மீதியை எடுத்துவர முள் கிளம்பியது.

டிக், டிக், கிர்ர்.