வாய் திறக்காத இருவாச்சி

குளத்தங்கரை நீர்மருத மரத்தில் ஓர் இருவாச்சிப் பறவைக் குடும்பம் புதிதாகக் குடிவந்தது. கணவன் பெயர் மூக்கன். மனைவி பெயர் பவளாயி. மலையில் மழை பொய்த்துப் பழமரங்கள் காய்ந்துபோனதால் பிழைக்க வழி தேடி இறங்கி வந்தவர்கள். அந்தக் காட்டில் அதுவரை யாரும் இருவாச்சியைப் பார்த்ததில்லை.

அந்த மரத்தடிப் புதரில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. காலையில் கண் விழித்துப் பேச ஆரம்பித்தால், பொழுது சாயும்வரை அவற்றின் வாய் ஓயாது. இரை தேடுவதுகூடப் பேச்சுக்கு நடுவே போகிறபோக்கில் செய்யும் வேலைதான்.

"மூக்கைப் பாருடி. மூக்கு மேல இன்னொரு மூக்கு!" என்றது ஒரு குருவி.

"சும்மா இரு. புதுசா வந்தவங்க காதுல விழப்போகுது" என்று அதட்டியது கூட்டத்தின் மூத்த குருவி. அதட்டிவிட்டுத் தானும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டது.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்தே பறந்தார்கள், சேர்ந்தே பழம் தின்றார்கள். பிறகு ஒரு நாள் மூக்கன் குளத்தோரம் இறங்கி, ஈர மண்ணை மூக்கால் அள்ளிக்கொண்டு மரத்துக்குப் பறந்தான். திரும்பி வந்தான். மறுபடியும் அள்ளினான். மரத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பொந்து இருந்தது. அந்தப் பொந்தின் வாய் மெல்ல மெல்ல அடைபட்டு, கடைசியில் ஒரு கீற்று அளவுக்குத்தான் இடைவெளி மிஞ்சியது.

அதற்குப் பிறகு பவளாயியை யாரும் பார்க்கவில்லை.

"அவ எங்கே போனா?" என்றது ஒரு குருவி.

"அம்மா வீட்டுக்குப் போயிருப்பா."

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காமலா?" என்றது மூத்த குருவி.

நியாயமான கேள்விதான். அந்தப் புதரைத் தாண்டுகிற எறும்புகூட எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நகர முடியும்.

அன்று முதல் குருவிகளின் கண் மூக்கன்மேலேயே இருந்தது. அவன் விடியும்போதே போவான். தொண்டை புடைத்துத் திரும்பி வருவான். வந்தவன் நேராகப் பொந்துக்குப் போகமாட்டான். பக்கத்து மரத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்ப்பான், அந்தப் பக்கம் பார்ப்பான், கீழே தரையையும் பார்ப்பான். பிறகு சட்டென்று பொந்துக்குத் தாவி, அந்தக் கீற்றில் மூக்கை வைப்பான். கொஞ்ச நேரத்தில் பறந்துவிடுவான். நாளாக ஆக ஆள் மெலிந்துகொண்டே வந்தான்.

"நல்லவனா இருந்தா நேரா வீட்டுக்குப் போவான். இவன் ஏன் திருட்டு முழி முழிக்கிறான்?"

"இளைச்சும் போயிட்டான், பார்த்தியா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

ஒரு நாள் மூத்த குருவி அவன் வழியை மறித்துக் கேட்டேவிட்டது. "ஏந்தம்பி, வீட்டுல அவங்களைக் காணோமே?"

மூக்கன் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பறந்துபோனான்.

அவன் இல்லாத நேரம் பார்த்துக் குருவிகள் பொந்துக்கே ஏறிப்போயின. "பவளாயி, உள்ளே இருக்கியா?" என்று மூத்த குருவி கீற்றின் அருகே குனிந்து கூப்பிட்டது. பதில் இல்லை. உள்ளே ஏதோ அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. குருவிகள் விழுந்தடித்துக் கீழே இறங்கின.

"உயிரோட உள்ளே தள்ளிப் பூசிட்டான், பாவி!" என்றது ஒன்று. அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் அந்தச் சேதி குளத்தைச் சுற்றி வந்துவிட்டது.

அந்தக் குளத்துக்குக் காவல் ஆள்காட்டிப் பறவை. நீண்ட மஞ்சள் கால்களால் கரையில் விறைப்பாக நடந்து, அந்நியர் யார் வந்தாலும் ஊரைக் கூட்டிக் கத்துவது அவர் வேலை. எல்லோரும் அவரை ஏட்டையா என்றுதான் அழைப்பார்கள். அவர் கத்திக் காட்டிக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் தண்ணீர் குடிக்க வந்தவர்கள். அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

குருவிகள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஏட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நாளைக்கு நானே தீர விசாரிக்கிறேன்" என்றார்.

மறுநாள் நண்பகலில், தொண்டை புடைக்க வந்துகொண்டிருந்த மூக்கனை ஏட்டு குளக்கரையில் இறக்கி நிறுத்தினார். குருவிகள் சுற்றி வளைத்துக்கொண்டன. வேடிக்கை பார்க்க வேறு பறவைகளும் கூடிவிட்டன.

"எங்கே போயிட்டு வர்றே?"

மூக்கன் பேசவில்லை.

"வாயில என்ன வெச்சிருக்கே? பொண்டாட்டி எங்கே? கேக்குறது காதுல விழலையா?"

மூக்கன் மரத்தைப் பார்த்தான். ஏட்டைப் பார்த்தான். போய்விட்டு வந்துவிடுகிறேன் என்பதுபோல் மரத்தை நோக்கித் தலையை அசைத்து, இறக்கையை விரித்தான்.

"தப்பிக்கப் பார்க்குறான், பிடிங்க" என்று கத்தின குருவிகள். மூக்கனால் அசைய முடியவில்லை. வெயில் ஏறியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டதை ஏட்டு கவனித்தார். அதையும் குற்றத்தில்தான் சேர்த்துக்கொண்டார்.

அப்போது பொந்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டொக். டொக். டொக்.

"கேட்டீங்களா ஏட்டையா? காப்பாத்துங்கன்னு தட்டுறா" என்றது மூத்த குருவி. அதன் குரல் நிஜமாகவே நடுங்கியது.

"மரங்கொத்தியைக் கூப்பிடுங்க. சுவரை உடைக்கச் சொல்லுங்க" என்றார் ஏட்டு.

மூக்கன் வாயைத் திறந்தான். "வேண்டாம்! உடைக்காதீங்க!" என்று அலறினான். தொண்டையில் சேர்த்து வைத்திருந்த அத்திப்பழங்கள் எல்லாம் கொட்டி மண்ணில் உருண்டன.

"இப்ப மட்டும் பேச்சு வருதோ?" என்றார் ஏட்டு.

அதற்குள் மரங்கொத்தி பொந்துக்குத் தாவிவிட்டது. ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றப் போகிறோம் என்ற வேகம் அதற்கு. வெயிலில் காய்ந்து இறுகிய சுவரை ஓங்கி ஓங்கிக் கொத்தியது. சுவர் பிளந்து உதிர்ந்தது. கடைசிக் கொத்து உள்ளே வெகுதூரம் இறங்கியது.

பொந்துக்குள் வெளிச்சம் விழுந்தது. பவளாயி உயிரோடுதான் இருந்தாள். ஆனால் அவள் உடம்பில் சிறகுகள் இல்லை. வால் இல்லை. உதிர்ந்த சிறகுகளின்மேல் மூன்று முட்டைகள் இருந்தன. அவற்றில் ஒன்று உடைந்து வழிந்துகொண்டிருந்தது. மரங்கொத்தியின் மூக்கு நுனியில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தவிட்டுக்குருவிகள் அத்தனையும் வாயடைத்துப் போயின.

பவளாயி மூலையில் ஒடுங்கிக்கொண்டு, சிறகு உதிர்ந்த இறக்கைகளால் தன்னை மறைக்கப் பார்த்தாள். "எல்லாரும் கொஞ்சம் திரும்பி நில்லுங்களேன்" என்றாள் மெல்ல.

எல்லோரும் திரும்பி நின்றார்கள். முதலில் திரும்பியவர் ஏட்டு. அவருக்கு இருந்த வெட்கத்தில் குளத்தில் மூழ்கிவிடலாம் போலிருந்தது.

"இது எங்க வழக்கம், ஏட்டையா" என்று அவர்களின் முதுகுக்குப் பின்னால் மூக்கன் சொன்னான். "முட்டை வைக்கிற சமயம் அவ உள்ளே போயிடுவா. நான் மண்ணு கொண்டாந்து கொடுப்பேன். அவதான் சுவரைப் பூசிக்குவா. பழைய சிறகு உதிர்ந்து புதுசு முளைக்கிற வரைக்கும் அவளால பறக்க முடியாது. உடும்பு வந்தா எங்கே ஓடுவா? அதுக்குத்தான் சுவர். நான் நாலு பக்கமும் பார்த்துட்டுப் போனதும் உடும்புக்குப் பயந்துதான். இப்ப அவ தட்டினது, நான் வர நேரமாச்சேன்னு பசி தாங்காமத்தான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார் ஏட்டு.

"வாய் நிறையப் பழம் இருந்துச்சே. அவ உள்ளே போன முதல் நாள், இவங்களுக்கு வணக்கம் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். பழம் கீழே விழுந்துச்சு. இவங்க தின்னுட்டாங்க. அன்னைக்கு அவ பட்டினி கிடந்தா. வெறும் வாயோட நான் போகும்போது யாரும் எங்கிட்ட வந்து பேசினதில்லை."

அந்தப் பழத்தின் ருசி குருவிகளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் உடைந்த முட்டையின் வாடை பிடித்து உடும்பு மரத்தில் ஏறத் தொடங்கியது. குருவிகள் ஒரு சொல்லும் பேசாமல் அதன் முகத்தில் போய் விழுந்தன. ஏட்டு கத்திக்கொண்டே அதன் கண்ணுக்கு நேரே பாய்ந்தார். மரங்கொத்தி அதன் வாலைக் கொத்தியது. பிடி நழுவி உடும்பு குளத்தில் விழுந்து, அக்கரைக்கு நீந்தி ஓடியது.

மூக்கன் அதற்குள் மண் சுமக்க ஆரம்பித்திருந்தான். பவளாயி உள்ளிருந்து பூசினாள். சுவர் மூடும்வரை மற்றவர்கள் மரத்தைச் சுற்றி முதுகு காட்டியே காவல் நின்றார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உதவி செய்யலாம் என்றால் அந்தச் சுவரைப் பூச அவர்கள் யாருக்கும் தெரியாது. உடைக்க மட்டும்தான் தெரிந்திருந்தது.

அதன்பிறகு குருவிகள் கிடைத்த பழங்களைக் கொண்டுவந்து பொந்துக்குப் பக்கத்துக் கிளையில் வைத்தன. மூக்கன் வரும் சத்தம் கேட்டால் அவன் முகத்தில் விழிக்க முடியாமல் பறந்துவிடும். மரங்கொத்தி அந்த மரத்தின் பக்கமே வருவதில்லை. ஏட்டு, தண்ணீர் குடிக்க வருகிறவர்களைப் பார்த்துக் கத்துவதை நிறுத்திவிட்டார்.

கொஞ்ச காலம் கழித்துப் பவளாயியே சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். புதுச் சிறகுகள் பளபளத்தன. இரண்டு குஞ்சுகளும் பறக்கப் பழகின. மலையில் மழை பெய்துவிட்டது என்று கேள்விப்பட்டு, அவர்கள் புறப்பட ஆயத்தமானார்கள்.

மூத்த குருவி தயங்கித் தயங்கிக் கிளைக்கு வந்தது. "எங்களை மன்னிச்சிடு தாயி. உன்னைக் காப்பாத்தணும்னு நினைச்சுத்தான் அப்படிச் செஞ்சோம்."

"தெரியும், அக்கா. நீங்க கீழே பேசினது எல்லாம் எனக்கு உள்ளே கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நீங்க கூப்பிட்டப்பவும் கேட்டுச்சு. குரல் கொடுத்தா உடும்புக்கு இடம் தெரிஞ்சுடுமேன்னு நான்தான் பேசலை" என்றாள் பவளாயி. பிறகு, தூரத்தில் குஞ்சுகளோடு இருந்த கணவனைப் பார்த்தாள். "அவர் இளைச்சுப்போனதை நீங்க அத்தனை பேரும் பார்த்தீங்க. கிடைச்ச பழத்தை எல்லாம் எனக்கே கொடுத்துட்டு அவர் அரைப் பட்டினி கிடந்தாரு. நானும் உள்ளேயிருந்து காது கொடுத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தராவது அவரைப் பார்த்து 'சாப்பிட்டியா'ன்னு கேட்ட சத்தம் எனக்குக் கேட்கலையே, அக்கா."

மூத்த குருவி தலையைக் குனிந்துகொண்டது. இருவாச்சிகள் மலையைப் பார்க்கப் பறந்து மறைந்த பிறகும் அது தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்தவர் செய்வது நமக்குப் புரியவில்லை என்றால் அது நம் அறியாமையே தவிர, அவர் குற்றம் ஆகாது.