உயரம் குறையாத நெற்குவியல்

குளக்கரை மேட்டில் ஓர் எலிக் குடும்பம் வளை தோண்டி வாழ்ந்து வந்தது. அப்பாவின் பெயர் நெடுவாலன். அம்மாவின் பெயர் செம்மூக்கி. பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் மொச்சை. நடுவில் ஒரு பெண், கிச்சிலி. கடைக்குட்டி குறுணை. பெயர் வைத்தபோது நெடுவாலனுக்கு நல்ல பசி என்று நினைக்கிறேன்.

புரட்டாசியில் பக்கத்து வயலில் குறுவை அறுத்தார்கள். சிந்திக் கிடந்த கதிர்களை நெடுவாலனும் செம்மூக்கியும் வாய் வலிக்க வலிக்கச் சுமந்து வந்தார்கள். உள்ளறை நிறைந்தது. நெல் கூரையைத் தொட்டது.

"போதுமாங்க?" என்று கேட்டாள் செம்மூக்கி.

"மார்கழியிலதான் சம்பாக் கதிரு பால் பிடிக்கும். அதுவரைக்கும் இதுதான் நமக்குச் சோறு. மழை பிடிச்சுட்டா வெளியில ஒரு மணி நெல்லு கிடைக்காது!"

"அப்படின்னா அளந்துதான் திங்கணும்."

"அளந்துதான்! பொழுது சாய்ஞ்சதும் ஒரு வேளை. நடுவுல எவனாவது குவியல்ல கையை வெச்சா, வாலை அறுத்துப்புடுவேன்!"

பிள்ளைகள் மூவரும் தங்கள் வாலை இழுத்து வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். அந்த நிமிஷத்தில் அவர்களைவிட நல்ல பிள்ளைகள் உலகத்திலேயே கிடையாது.

ஐப்பசி வந்தது. மழையும் கூடவே வந்தது.

மழை நாளில் மூன்று பிள்ளைகளை ஒரே வளைக்குள் வைத்துச் சமாளிப்பது என்ன பாடு என்று பெற்றவர்களைக் கேட்டால் தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

"அம்மா! இவன் என் வாலை மிதிக்கிறான்!"

"அவதான் முதல்ல என் காதைக் கடிச்சா!"

"அம்மா! குறுணை என் முதுகுல மூக்கைத் துடைக்கிறான்!"

"எனக்குச் சளிம்மா! வேற எங்க துடைக்கிறது?"

ஒருவன் தும்மினால் அடுத்தவனுக்கு இருமல் வரும். அடுத்தவனுக்கு இருமல் நின்றால் மூன்றாமவளுக்குக் காய்ச்சல் வரும். செம்மூக்கி ஒருத்தியை நக்கிக் காயவைத்து முடிப்பதற்குள் இன்னொருத்தன் ஈரமாகி வந்து நிற்பான். நெடுவாலன் வளை வாசலில் மண் அணைத்து, உள்ளே வரும் தண்ணீரைத் தடுப்பதிலேயே பொழுதைக் கழித்தான்.

வாசலுக்கு எதிரே தொப்பையண்ணன் என்ற தவளை குடியிருந்தது. மழை என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

"எதுக்குத் தம்பி இப்படி மெனக்கெடுறீங்க?" என்று அது நெடுவாலனைக் கேட்டது. "எனக்கும்தான் பிள்ளைங்க இருக்கு, ஆயிரக்கணக்குல! பெத்தோம், தண்ணியில விட்டோம், சோலி முடிஞ்சுது! ஒருத்தன் மூஞ்சிகூட எனக்குத் தெரியாது!"

"எதிர்ல வந்தா என்னண்ணே பண்ணுவீங்க?"

"சின்னதா இருந்தா முழுங்கிடுவேன். முழுங்கினப்புறம்தான் சில சமயம் சந்தேகம் வரும்!"

நெடுவாலன் அவசரமாக வளைக்குள் போய்ப் பிள்ளைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

ஒரு நாள் மத்தியானம் செம்மூக்கி அசந்து தூங்கினாள். குறுணை மெதுவாக நகர்ந்து வந்து அப்பாவின் வயிற்றின்மேல் ஏறிப் படுத்தான்.

"அப்பா, பசிக்குது."

"அம்மாகிட்ட கேளு."

"அம்மா திட்டினாங்க."

திட்டியது உண்மைதான். மூக்கைத் துடைத்ததற்குத் திட்டினாள். அதை மட்டும் குறுணை சொல்லவில்லை.

நெடுவாலன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. மனம் இளகிவிட்டது. வாலை அறுப்பேன் என்று சொன்ன அதே வாயால் ஒரு கதிரைக் கவ்வி வந்து கொடுத்தான்.

"இந்த ஒரு தடவைதான்! அம்மாகிட்ட சொல்லாதே!"

மறுநாள் நெடுவாலன் வாசலில் மண் அணைத்துக்கொண்டிருந்தான். கிச்சிலி அம்மாவின் பக்கத்தில் வந்து சுருண்டாள்.

"அம்மா, கண்ணு இருட்டிக்கிட்டு வருதும்மா. பொழுது சாயட்டும்னு சொல்லிட்டாரு அப்பா."

"உங்கப்பாவுக்கு நெஞ்சுக்குள்ள கல்லுதான் இருக்கு!" என்றாள் செம்மூக்கி. ஓடிப் போய் ஒரு கதிரை எடுத்து வந்தாள். "இந்தா, சீக்கிரம் தின்னு! அப்பாகிட்ட மூச்சு விடாதே!"

மூத்தவன் மொச்சை இந்த இரண்டையும் பார்த்தான். தம்பி தங்கையை மூலைக்குக் கூப்பிட்டான்.

"எல்லாரும் ஒரே பக்கம் போனா மாட்டிப்போம்! நான் அப்பாகிட்ட போறப்ப நீங்க அம்மாகிட்ட போங்க. மறுநாள் மாத்திப்போம்!"

அன்று முதல் வளையில் சண்டை குறைந்தது. பிள்ளைகளுக்கு வேலை வந்துவிட்டதல்லவா!

சில நாள் போனது. நெடுவாலன் உள்ளறையை எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டான். குவியல் கூரையை விட்டு இறங்கியிருந்தது.

'ஐயோ! இவ பார்த்தா என்ன ஆகும்? ஊருக்கெல்லாம் சட்டம் பேசிட்டு நானே அள்ளிக் குடுத்துட்டேனே!'

வயலோரத்து வைக்கோல் போரின் அடியில் நனையாத பதர் கிடந்தது அவனுக்கு நினைவு வந்தது. தூறலில் ஓடிப் போய் வாய் நிறைய அள்ளி வந்தான். குவியலுக்குக் கீழே பதரைத் திணித்து, மேலே நெல்லைப் பரப்பினான். நெல் மறுபடியும் கூரையைத் தொட்டது.

மறுநாள் செம்மூக்கி உள்ளறையைப் பார்த்தாள்.

'அட! இவ்வளவு குடுத்தும் குறையவே இல்லையே! நாமதான் வீணாப் பயந்துட்டோம்!'

அன்று பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு இரண்டு கதிராகக் கிடைத்தது.

தாராளம் தாராளமாகவே போனது. ஒரு நாள் அவள் கண்ணுக்கும் குவியல் இறங்கியது தெரிந்தது. நெடுவாலன் பார்த்துவிடுவானே என்று பயந்தாள். படுக்கையில் கிடந்த வைக்கோலை உருவி எடுத்து நெல்லுக்குக் கீழே சொருகினாள். நெல் மறுபடியும் கூரையைத் தொட்டது.

"படுக்கை என்ன இப்படிக் குத்துது?" என்று கேட்டான் நெடுவாலன்.

"பிள்ளைங்க ஈரமாக்கிட்டாங்க. பாதியைத் தூக்கி வெளியில போட்டுட்டேன்."

நெடுவாலன் உள்ளறையை எட்டிப் பார்த்தான். குவியல் நிமிர்ந்து நின்றது. 'நாம பதரு போட்டப்புறம் குவியல் இறங்கவே இல்லையே! நெல்லு நிறையவே இருக்கு!' என்று நினைத்துக்கொண்டான். அன்று அவன் பங்குக்கு இரண்டு கதிர்.

அவன் போட்ட பதரைப் பார்த்து அவள் அள்ளிக் கொடுத்தாள். அவள் போட்ட வைக்கோலைப் பார்த்து அவன் அள்ளிக் கொடுத்தான். நெல் போய்க்கொண்டே இருந்தது. உயரம் மட்டும் அப்படியே இருந்தது.

"பார்த்தியா செம்மூக்கி? அளந்து தின்னா இப்படித்தான் நிக்கும்!" என்றான் நெடுவாலன், எங்கோ பார்த்துக்கொண்டு.

"எல்லாம் உங்க கண்டிப்புதாங்க!" என்றாள் செம்மூக்கி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தொப்பையண்ணனுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம்.

"ஒரு வேளை சாப்பாடுன்னு சொல்றீங்க. பிள்ளைங்க உருண்டையா இருக்காங்களே!"

"எங்க வம்சத்துக்கே எலும்பு கனம்!" என்றான் நெடுவாலன்.

"மழைக்கு உடம்பு ஊதும்ணே!" என்றாள் செம்மூக்கி.

கார்த்திகை பிறந்ததும் அடைமழை பிடித்தது. குளம் நிரம்பி வாசல்வரைக்கும் தண்ணீர் ஏறியது. தவளை சந்தோஷமாக நீந்திப் போய்விட்டது. நெடுவாலன் வாசலை மண் வைத்து அடைத்துவிட்டு உள்ளே வந்தான். குளிர் எலும்பைக் குத்தியது. ஐந்து பேரும் மிச்சமிருந்த வைக்கோலில் ஒண்டிக்கொண்டார்கள்.

எவ்வளவு நேரம்தான் ஒண்டியிருப்பது? பிள்ளைகளாயிற்றே! மொச்சை ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தான். உள்ளறைச் சுவரில் ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஏறி நெற்குவியலில் குதிக்க வேண்டும்.

"நான்தான் முதல்ல!" என்று குறுணை ஏறினான். குதித்தான்.

தொபுக்!

குறுணையைக் காணோம். குவியலின் நடுவில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

"அம்மா! அப்பா! நெல்லு தம்பியை முழுங்கிடுச்சு!" என்று கிச்சிலி அலறினாள்.

பெற்றவர்கள் பாய்ந்து வந்தார்கள். நாலு கையாலும் வாரி வாரி இறைத்தார்கள். பதர் பறந்தது. வைக்கோல் பறந்தது. மறுபடியும் பதர். மறுபடியும் வைக்கோல். பிள்ளையின் சத்தமே இல்லை.  "குறுணை! என் கண்ணு! குறுணை!" என்று கத்திக்கொண்டே தோண்டினாள் செம்மூக்கி. நெடுவாலனுக்கு ஒரு வாலின் நுனி தட்டுப்பட்டது. கவ்வி இழுத்தான்.

"அச்சூ!"

குறுணை வெளியே வந்து விழுந்தான். மூக்கெல்லாம் தூசி. ஆனால் உயிரோடுதான் இருந்தான். அம்மா அவனை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பாவும் அழுதான், திரும்பி நின்று.

அழுது முடித்தபிறகுதான் இருவரும் அறையைப் பார்த்தார்கள். குவியல் என்று ஒன்று இல்லை. பதரும் வைக்கோலும் சிதறிக் கிடந்தன. நடுவே ஒரு கைப்பிடி நெல் இருந்தது. அவ்வளவுதான்.

"இந்த வைக்கோலு எங்கிருந்து வந்துச்சு?" என்றான் நெடுவாலன்.

"இந்தப் பதரு எங்கிருந்து வந்துச்சு?" என்றாள் செம்மூக்கி.

 கிச்சிலிதான் சொன்னாள்.

"பதரு அப்பா போட்டது. வைக்கோலு அம்மா போட்டது. நாங்கதான் பார்த்தோமே!"

"பார்த்துட்டு ஏண்டி சொல்லலை?"

"சொல்லாதேன்னு நீங்க ரெண்டு பேரும்தானே சொன்னீங்க?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆகவே பெரியவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டார்கள்.

"உங்க பதரைப் பார்த்துத்தானே நிறைய இருக்குன்னு நான் அள்ளிக் குடுத்தேன்!"

"உன் வைக்கோலை நம்பித்தானே நானும் குடுத்தேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க சொன்னீங்களா?"

சண்டை அதோடு நின்றது.  வெளியே மழை கொட்டியது. மார்கழி எங்கோ தூரத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று இருவரும் பயந்தார்கள்.

பொழுது சாய்ந்தது. செம்மூக்கி கைப்பிடி நெல்லை நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க மூணு பேரும் தின்னுங்க. எனக்குப் பசியில்லை," என்றான் நெடுவாலன்.

"எனக்கும்தான். மத்தியானம் தின்னதே இன்னும் நெஞ்சுல நிக்குது," என்றாள் செம்மூக்கி.

மத்தியானம் யாரும் எதுவும் தின்னவில்லை.

பிள்ளைகள் நெல்லைத் தொடவில்லை. குறுணை எழுந்து போய் அப்பாவின் வயிற்றில் காதை வைத்தான். பிறகு அம்மாவின் வயிற்றில் காதை வைத்தான்.

"அப்பா வயிறு கத்துது. அம்மா வயிறு அதைவிடச் சத்தமாக் கத்துது," என்றான். "மறுபடியும் ரெண்டு பேரும் மறைக்கிறீங்களே!"

நெடுவாலன் தலை குனிந்தான். செம்மூக்கிக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் சிரித்துவிட்டாள்.

"ஆமாண்டா, பசிக்குது! உயிர் போகப் பசிக்குது!"

"எனக்கும்தான்!" என்றான் நெடுவாலன். சொன்னதும் பாதிப் பசி தீர்ந்தது மாதிரி இருந்தது அவனுக்கு.

நெல்லை ஐந்து பங்காக்கித் தின்றார்கள். தின்றுவிட்டு, அன்றுதான் முதல்முறையாக ஐந்து பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"மேட்டுக்குள்ள கோரைக்கிழங்கு இருக்கும். ஆனா கசக்கும்," என்றாள் செம்மூக்கி.

"கசந்தா என்ன? தோண்டுவோம்!" என்றான் மொச்சை.

தோண்டினார்கள். மொச்சையின் வயிறு சுரங்கத்தில் சிக்கிக்கொண்டது. முன்னால் அப்பா இழுக்க, பின்னால் தங்கையும் தம்பியும் தள்ளவேண்டியிருந்தது. கார்த்திகை முழுக்கக் கிழங்குதான். தினம் தினம் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார்கள். கிடைத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது கடைக்குட்டிவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்த பிறகு ஒருவரும் அதிகமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்!

மழை ஒரு வழியாக ஓய்ந்தது. மார்கழிப் பனியில் சம்பாக் கதிர்கள் பால் பிடித்துத் தலை சாய்ந்தன. ஐந்து எலிகள், மெலிந்த எலிகள்தான், ஆனால் ஐந்தும் குறையாமல் வரிசையாக வயலில் இறங்கின.

வீட்டில் உள்ள குறையைக் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறைத்தால், பிள்ளைகள்மேல் வைத்த பாசமே அந்தப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிடும்.