சிவப்பு விளக்கு அணைந்ததும் குளிக்கலாம்

குன்னூர் மலையில் சோணாசலம், ராசப்பன், குப்புலிங்கம் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். ஆளுக்கொரு தலையும் இருந்தது. தொப்பி மாட்ட உதவியது. அவர்களுடைய தங்கை சுகுணாவைப் பார்க்க, மாப்பிள்ளையின் அப்பா திருவேங்கடம் அருப்புக்கோட்டையிலிருந்து வருவதாக இருந்தார். பையனுக்கும் பெண்ணுக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பெரியவர் தலையசைத்தால் கல்யாணம்.

பெரியவர் வெந்நீரில்தான் குளிப்பார். வீட்டு கீசரோ ஒழுகியது. எலக்ட்ரீஷியன் பெஞ்சமின் வந்து அதைக் கழற்றிக் கீழே இறக்கினார்.

"உள்ளே துரு தின்னுடுச்சு. வயசாயிடுச்சுங்க இதுக்கு. ரெஸ்ட் கொடுத்துட்டுப் புதுசு வாங்குங்க, வந்து மாட்டித் தர்றேன்."

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் கீசரைக் கட்டிலில் கிடத்திக் கம்பளி போர்த்திவிட்டார்கள்.

"தலையணை வைக்கலையே அண்ணே?" என்றான் குப்புலிங்கம்.

"தலை எந்தப் பக்கம்னு தெரிஞ்சாத்தானே வைக்க முடியும்?" என்றார் சோணாசலம்.

நெடுநேரம் ஆராய்ந்து, இரண்டு பக்கமும் வைத்தார்கள்.

புதுசு வாங்கப் போனபோது கடைக்காரர் கேட்டார்: "எத்தனை லிட்டர் வேணும்?"

"தண்ணியெல்லாம் வீட்டுலயே இருக்குங்க. வெறும் கீசர் கொடுத்தாப் போதும்" என்றான் ராசப்பன். கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

பெஞ்சமின் புதுசை மாட்டிவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரியும். அது அணைஞ்சதும் குளிக்கலாம்." பாவம், குழந்தைக்குச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் பெரியவர் குளிரில் பல் கிட்டிக்க வந்து இறங்கினார். சுகுணா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். சோணாசலம் சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று.

"அணைஞ்சிருச்சு!" என்று கூவினான் குப்புலிங்கம்.

"கையை எடுக்கிறதுக்குள்ள கொதிச்சிருச்சே!" என்றான் ராசப்பன்.

"புதுசு இல்லையா?" என்றார் சோணாசலம் பெருமையாக. "மாமா, சீக்கிரம் போங்க. ரொம்பச் சூடா இருந்தாப் பாத்து ஊத்திக்குங்க."

உள்ளேயிருந்து எழுந்த அலறலில் பக்கத்துத் தோட்டத்துக் காக்கையெல்லாம் பறந்தன. துண்டைச் சுற்றிக்கொண்டு நீலம் பாரித்து வெளியே வந்த பெரியவர், சட்டையை மாட்டினார், பையைத் தூக்கினார்.

"இந்த வீட்டு வாசப்படியை இனிமே மிதிக்க மாட்டேன்!"

சுகுணா கையில் கரண்டியோடு அவர் பின்னாலேயே ஓடினாள். அண்ணன்மார் முகம் வாடி உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் தங்கைமேல் உயிர்தான். அறிவுதான் கூடவே வரவில்லை.

"மாமா நம்மளைக் குத்தம் சொல்லலை, கவனிச்சீங்களா?" என்றான் ராசப்பன். "படியைத்தான் சொன்னாரு."

"அப்ப தப்பு படி மேலதான்" என்று தீர்ப்புச் சொன்னார் சோணாசலம்.

பஸ் ஸ்டாண்டில் சுகுணா பெரியவருக்குச் சூடான டீ வாங்கிக் கொடுத்து, அழுது, சிரிக்க வைத்து, ஒருவழியாகத் திரும்ப அழைத்து வந்தாள். மலைச்சரிவில் உயரத் தூக்கிக் கட்டிய வீடு அது. வாசலுக்குக் கீழே பெயர்த்த கல் குவிந்து கிடந்தது. தலைக்கு மேலே, கதவோரத்தில், கடப்பாரையும் கையுமாக மூன்று பேரும் நின்றார்கள்.

"தயங்காம வாங்க மாமா!" என்றார் சோணாசலம். "மிதிக்கிறதுக்கு இனிமே ஒரு படிகூட இல்லை. ஏணி பின்னாடி கொட்டகையில கிடக்கு, கொஞ்சம் எடுத்துட்டு வந்தீங்கன்னா, நாங்க இறங்கி வந்து உங்களைக் கூப்பிடுறோம்."