முகவரி எழுதும் முன்

தனுஷ்கோடி எழுதிய லிங்கர் திங்கட்கிழமை காலை முதன்முறையாகப் புதிய சிப் பொருத்திய போர்டில் ஏறியது. ஏறிய உடனே செத்தது.

மறுபடி ஓட்டினார். மறுபடி செத்தது. தவறான முகவரி என்று திரையில் ஒரே ஒரு வரி வந்தது. எங்கே, ஏன் என்று இல்லை.

"முதல் நாளே ஓடினாத்தான் சார் சந்தேகப்படணும்," என்றார் பௌசியா.

பௌசியா ஏற்கெனவே இரண்டு சிப்புகளுக்கு லிங்கர் எழுதியவர். வயது முப்பத்தைந்து. அவரிடம் வேலை கற்க வந்த தனுஷ்கோடிக்கு ஐம்பத்திரண்டு. இவர் அவரை மேடம் என்றார். அவர் இவரை சார் என்றார். இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று இருவருக்கும் தெரியவில்லை. புதிய சிப்பை வடிவமைத்த ஜெபமணி மட்டும் தினமும் சிரித்தார்.

தனுஷ்கோடி ஒன்பது வருடம் ஆவணப் பிரிவில் இருந்தவர். மற்றவர்கள் செய்த கருவிகளுக்குக் கையேடு எழுதுவார். படங்களுக்கு எண் போடுவார். மூன்று முறை விண்ணப்பம் கொடுத்து இந்த ஆய்வகத்துக்கு வந்தார். மூன்றாவது விண்ணப்பத்தின் ஓரத்தில் இயக்குநர் ஒரு தேதி எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அது இந்த வெள்ளிக்கிழமை. அன்று மாலை நான்கு மணிக்குள் லிங்கர் ஓடவில்லையென்றால் வேலை வெளி நிறுவனம் ஒன்றுக்குப் போகும். தனுஷ்கோடி ஆவணப் பிரிவுக்குப் போவார்.

சிப் மீன்பிடிப் படகுகளில் வைக்கப்போகும் சிறு கருவிக்கானது. வானிலை சொல்ல ஒரு புரோகிராம், வழி காட்ட ஒன்று, ஆபத்தில் கரையைக் கூப்பிட ஒன்று. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதையெல்லாம் தானே சுமந்தால் மூன்றுக்கும் நினைவகத்தில் இடம் போதாது. எனவே பொதுவான லைப்ரரி ஒன்றை மூன்றும் பகிர்ந்துகொள்ள வேண்டும். புரோகிராம் எழும்போது, லைப்ரரியில் எந்த வேலையைச் செய்யும் ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று அதற்கு முகவரி எழுதிக் கொடுப்பது லிங்கர். அதன் பிறகுதான் புரோகிராமால் யாரையும் கூப்பிட முடியும்.

லிங்கரும் ஒரு புரோகிராம்தான். அதன் முகவரிகளை அதுவேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

"எங்க சாகுதுன்னு தெரிஞ்சாகணும் மேடம்," என்றார் தனுஷ்கோடி. பதினான்கு இடங்களில், இங்கே வந்தேன் என்று அச்சிடும் வரியைச் சேர்த்தார். ஓட்டினார்.

ஒரு வரிகூட வரவில்லை.

"அப்ப முதல் படிக்கே போகலை."

"அச்சிடறது யாரு சார்?"

"அச்சிடற ஃபங்ஷன்."

"அது எங்க இருக்கு?"

"லிங்கருக்குள்ளயேதான். முகவரி..."

தனுஷ்கோடி பேச்சை நிறுத்திக்கொண்டார். அச்சிடும் ஃபங்ஷனின் முகவரியும் அப்போது இன்னும் எழுதப்பட்டிருக்காது. பிறகு பதினான்கு வரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தார்.

பௌசியா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசைப்பலகையை வாங்கினார். இரண்டு கட்டளைகள் எழுதினார். சிப்பில் எல்லாப் புரோகிராம்களையும் நடத்தும் கெர்னலிடம் நேராகச் சொல்லிவிட்டு ஓட்டத்தை முடித்துக்கொள்ளும் கட்டளைகள் அவை. போகும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகலாம்.

"இதுக்கு யாரோட முகவரியும் வேண்டாம். நீங்க சந்தேகப்படற இடத்துல வைங்க. எண் வந்தா அதுவரைக்கும் உயிரோட வந்திருக்குன்னு அர்த்தம். வரலைன்னா அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

"ஒரு ஓட்டத்துக்கு ஒரு எண்தானா?"

"ஒண்ணுதான்."

"ஒரு தடவை புரோகிராமைக் கட்டி போர்டுல ஏத்த பத்தொன்பது நிமிஷம் ஆகுது மேடம்."

"ஆமா. காலையில கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

செவ்வாய்க்கிழமை தனுஷ்கோடி ஏழரைக்கு வந்தார். ஆய்வகத்தின் சாவியைக் காவலாளியிடம் கேட்டு வாங்கித் திறந்தார். வெள்ளைத்தாளில் கோடு போட்டு இரண்டு பத்திகள் ஆக்கினார். இடது பக்கம் வைத்த எண், வலது பக்கம் வந்த எண். கட்டினார், ஏற்றினார், ஓட்டினார், எழுதினார். காத்திருக்கும் பத்தொன்பது நிமிடத்தில் வேறெதுவும் செய்யவில்லை. சிப்பின் கையேட்டைப் படித்தார்.

மாலையில் ஜெபமணி எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு எத்தனை காவு சார்?"

"இருபத்திநாலு."

"பாவம் சார் என் சிப்பு. பிறந்து ரெண்டு மாசம்கூட ஆகலை."

புதன்கிழமை மதியத்துக்குள் இடம் சுருங்கியது. ஆறாம் எண் வந்தது. ஏழாம் எண் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது தனுஷ்கோடி தன் கையால் எழுதிய மூன்று வரி. ஒரு சிறு அட்டவணையை எடுத்து, அதன் கட்டங்களில் வரிசையாகப் பூஜ்யம் நிரப்பும் மூன்று வரி. அதில் யாரையும் கூப்பிடவில்லை. எதையும் கேட்கவில்லை.

அவர் அந்த வரிகளை மூன்று விதமாக மாற்றி எழுதிப் பார்த்தார். மூன்று முறையும் செத்தது.

எழுந்து ஜெபமணியின் மேசைக்குப் போனார்.

"சிப்புல தப்பு."

ஜெபமணி சிரிக்கவில்லை. "நிச்சயமா?"

"பூஜ்யம் எழுதத் தெரியலை உங்க சிப்புக்கு."

"சார், கெர்னலே இதுமேலதான் ஓடிட்டிருக்கு. அது ஒரு நாளைக்கு எத்தனை கோடி பூஜ்யம் எழுதும் தெரியுமா? உங்க மேடத்தைக் கேட்டீங்களா?"

பௌசியா அந்த மூன்று வரிகளையும் பார்த்தார்.

"இதுல சாக வழியே இல்ல மேடம். மூணே வரி. நான் எழுதினது."

"சிப்புக்கு உங்களைத் தெரியாது சார்," என்றார் பௌசியா. தன் வேலைக்குத் திரும்பினார்.

அன்று ஐந்து மணிக்கு இயக்குநர் வந்து கதவருகே நின்றார். தாளில் இருந்த பத்திகளைப் பார்த்தார். தனுஷ்கோடியைப் பார்க்கவில்லை.

"பௌசியா, இதை நீங்களே எழுதினா எத்தனை நாள்?"

"ரெண்டு நாள்."

"இன்னிக்குப் புதன்."

"ஆமா சார்."

"அப்ப?"

"தனுஷ்கோடி சார் எழுதறார்."

இயக்குநர் போனார். தனுஷ்கோடி தாளில் அடுத்த எண்ணை எழுதினார்.

வியாழக்கிழமை அவர் போர்டைத் தொடவில்லை. தான் எழுதியதையும் திறக்கவில்லை. தன் வரிகளைக் கம்பைலர் சிப்புக்குப் புரியும்படி மாற்றிக் கொடுத்திருந்த கட்டளைகளை எடுத்து வைத்துக்கொண்டார். புது சிப்பின் கட்டளைகள் அவருக்கு இன்னும் பழகவில்லை. ஒவ்வொன்றுக்கும் கையேட்டைப் புரட்டினார். பக்கங்களைத் தேடும்போது, கையேடு எழுதியவர் படங்களுக்கு எண் போடாமல் விட்டிருந்ததைக் கவனித்தார். சாப்பிடப் போகவில்லை.

இரண்டரை மணிக்கு ஆறாம் எண்ணுக்கும் ஏழாம் எண்ணுக்கும் நடுவே வந்து சேர்ந்தார்.

அவருடைய மூன்று வரி அங்கே இல்லை. சுற்றிச் சுற்றிப் பூஜ்யம் நிரப்பும் கட்டளைகள் எதுவுமே இல்லை. அந்த இடத்தில் ஒரே ஓர் அழைப்பு இருந்தது. கம்பைலர் மூன்று வரிகளையும் படித்து, இது பூஜ்யம் நிரப்பும் வேலை என்று புரிந்துகொண்டிருந்தது. அந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும் ஃபங்ஷன் ஒன்று லைப்ரரியில் ஏற்கெனவே உண்டு. மூன்று வரிகளை எடுத்துவிட்டு அந்த ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்லியிருந்தது. அதன் முகவரி அப்போது இன்னும் எழுதப்படவில்லை.

தனுஷ்கோடி நாற்காலியில் சாய்ந்தார்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"நான் யாரையும் கூப்பிடலை. எனக்காக அது கூப்பிட்டிருக்கு."

"ம்," என்றார் பௌசியா.

கம்பைலரின் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அந்த ஒரு கோப்புக்கு மட்டும் நிறுத்தி வைக்க வழி இருந்தது. தேடிக் கண்டுபிடித்தார். கட்டினார், ஏற்றினார். ஏழாம் எண் வந்தது. எட்டும் ஒன்பதும் வந்தன. பத்தில் செத்தது.

அவர் யாரிடமும் போகவில்லை. புதிய தாள் எடுத்துக் கோடு போட்டார்.

பத்தாம் எண்ணில் தவறு அவருடையதுதான். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தார். பன்னிரண்டில் இன்னொன்று. அதுவும் அவருடையது. வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு லிங்கர் தன் முகவரிகள் அனைத்தையும் எழுதி முடித்தது. அந்த இடத்தைத் தாண்டி அவர் முதன்முறையாக ஓர் அச்சிடும் வரியை வைத்தார். அது அச்சிட்டது.

பிற்பகல் மூன்று பத்துக்கு வானிலை, வழி, ஆபத்து மூன்றும் ஒரே லைப்ரரியைப் பகிர்ந்துகொண்டு ஓடின.

நான்கு மணிக்கு இயக்குநர் வந்தார். மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி போடச் சொன்னார். ஜெபமணி பிடுங்கிப் போட்டார். மூன்றும் எழுந்தன. இன்னொரு முறை பிடுங்கச் சொன்னார். மறுபடியும் எழுந்தன.

"திங்கட்கிழமை இந்த ஆய்வகத்துக்கே மாற்றல் உத்தரவு போடறேன்," என்றார் தனுஷ்கோடியிடம். "இங்கேயே இருங்க."

அவர் போனதும் ஜெபமணி சிப்பின் மேல் கை வைத்துப் பார்த்தார். "சூடுகூட ஆகலை. சார், இதுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்கணும் நீங்க."

"வாங்கித் தரேன்," என்று சொல்லிவிட்டுத் தனுஷ்கோடி தன் கோப்புகளை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தார். எல்லாவற்றையும் பழைய சிப்புகளின் கோப்புகளோடு ஒப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டும். பௌசியா எழுதிய லிங்கரைப் பார்த்துத்தான் அவர் எழுதக் கற்றார். அதன் ஒவ்வொரு வரியும் அவருக்குத் தெரியும். ஆனால் அதைக் கட்டும் குறிப்புகள் இருந்த கோப்பை இதுவரை திறந்ததில்லை.

இப்போது திறந்தார். நான்காவது வரியில், கம்பைலரின் அதே கெட்டிக்காரத்தனம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பௌசியாவின் பெயரும் தேதியும். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி.

அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பௌசியாவின் மேசைக்குப் போனார். அந்த வரியைக் காட்டினார்.

"இது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆச்சு."

"திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"இன்னிக்கு ஓடலைன்னா நான் போய்ப் படத்துக்கு எண் போட்டுட்டிருப்பேன்."

"ஆமா சார். போயிருப்பீங்க."

ஜெபமணி தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"ஒரு வார்த்தை மேடம்," என்றார் தனுஷ்கோடி. அவர் குரல் உயர்ந்திருந்தது. "ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவு உதவிகூடச் செய்யக்கூடாதா?"

பௌசியா மடிக்கணினியை மெதுவாக அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"கம்பைலர் செஞ்சதும் உதவிதான் சார்."