தலையைக் காட்டு

இங்கிலாந்து ராஜாவை விரட்டிவிட்ட அமெரிக்காவின் பதின்மூன்று மாநிலங்களும், ராஜாவோ அதிபரோ இல்லாமல், ஒரு சபையில் கூடிப் பேசியே நாட்டை நடத்திய காலம் அது. பிலடெல்பியாவில் ஒரு விடுதிக்கு லண்டனிலிருந்து தார்ன்பரி பிரபு வந்திறங்கினார். பரிமாற வந்த பணிப்பெண் தபித்தாவிடம் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்:

“இந்த நாட்டுக்குத் தலை யார்? பொழுது சாய்வதற்குள் காட்டு. இல்லையென்றால் இது தலையில்லாத முண்டம் என்று ஊரில் போய்ச் சொல்வேன்.”

விடுதலைப் போரில் அண்ணனைப் பறிகொடுத்தவள் தபித்தா. தட்டை நிதானமாக வைத்தாள்.

“அந்தத் தலையை வெட்டத்தானே ஐயா, உங்கள் ராஜா கப்பல் கப்பலாகப் படை அனுப்பித் தேடினார்? அத்தனை பேருக்கும் அகப்படாததை நான் ஒருத்தி எப்படிக் கண்டுபிடிப்பேன்?”

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. பிரபு தலையைக் குனிந்துகொண்டு சூப்பைக் குடித்தார். ரொட்டிக்கூடையோடு அடுத்த மேஜைக்குப் போன தபித்தாவுக்கு அன்று நடையே தனி.