மரநாய் சொன்ன பதம்

நாவல் மரங்கள் நெருங்கி வளர்ந்த ஒரு காட்டில் கரடி ஒன்று இருந்தது. தங்கமான மனசு. ஆனால் எதற்கெடுத்தாலும் அடுத்தவரைக் கேட்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. அதன் உயிர் நண்பன் ஒரு கிழட்டு மலை அணில்.

பழக் காலத்தில் அணில் நுனிக்கிளை வரை ஏறி, நன்றாகக் கனிந்த நாவல் பழங்களாகப் பார்த்து உதிர்க்கும். கரடி அவற்றைப் பாறைக் குழியில் போட்டு மிதித்து, இலையால் மூடி வைக்கும். சாறு புளித்து, நுரைத்து, தெளிந்து மதுவாகும். முதல் மழைக் குளிருக்கு இருவரும் ஆளுக்கொரு தொன்னை குடித்துவிட்டு, கதை பேசிக்கொண்டே தூங்கிப்போவார்கள்.

அந்த ஆண்டு பழங்களை உதிர்த்துவிட்டு இறங்கிய அணில் சொன்னது: "கரடி, எனக்குக் கால் நடுங்குகிறதப்பா. இனி நுனிக்கிளை ஏற என்னால் ஆகாது. நம் மது இதுதான் கடைசி."

கரடி அணிலைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டது. "அப்படியானால் இது எல்லா ஆண்டையும்விட ஒசத்தியாக இருக்க வேண்டும். நீ குடிக்காமல் நான் வாய் வைக்க மாட்டேன்" என்றது.

முதல் மழை பெய்தது. அணில் தொன்னையோடு வந்து நின்றது. குழியை முகர்ந்து பார்த்து, "ஆகா! வாசமே இனிக்கிறது. ஊற்று!" என்றது.

கரடிக்கோ சந்தேகம். "பொறு, பொறு. பனங்காட்டிலிருந்து மரநாய் வந்திருக்கிறாராம். பெரிய ருசிக்காரர். அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்."

கள்ளுக் கலயம் கலயமாகத் தலையை விட்டுப் பழகிய மரநாய் அல்லவா? கூப்பிட்டதும் ஓடி வந்தது. குழியில் வாயை வைத்து நிதானமாக உறிஞ்சியது. கண்ணை மூடியது. நாக்கைச் சப்புக்கொட்டியது.

"மோசமில்லை. ஆனால் பதம் வரவில்லை. அவசரப்பட்டால் கெட்டுவிடும். அடுத்த பௌர்ணமிக்குப் பார்க்கலாம்" என்றது.

"இதோ, இப்போதே நன்றாகத்தானே இருக்கிறது?" என்றது அணில்.

"நீ சும்மா இரு. விஷயம் தெரிந்தவர் சொல்கிறார்" என்றது கரடி.

பௌர்ணமி வந்தது. மரநாயும் வந்தது. வயிறு முட்டக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்றது. அடுத்த பௌர்ணமிக்கும் அதே பேச்சுதான். ஒவ்வொரு முறையும் அணில் தொன்னையோடு வந்து, தொன்னையோடு திரும்பியது.

கடைசியில் ஒருநாள் மரநாய் ஒரு வாய் வைத்தது. முகம் கோணியது. சட்டென்று சமாளித்துக்கொண்டு, "இப்போதுதான் பதம்! குடியுங்கள்" என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டியது.

குழியின் அடியில் இரண்டு தொன்னை அளவுதான் மிச்சம். கரடி ஆசையோடு முதல் தொன்னையை அணிலிடம் நீட்டியது. "எப்படி? எப்படி இருக்கிறது?"

அணில் குடித்தது. அதன் காது இரண்டும் மடங்கின. வால் சிலிர்த்தது.

"பிரமாதம்!" என்றது அணில். "உன் பங்கையும் எனக்கே கொடுத்துவிடேன்."

கரடி திகைத்தது. இத்தனை காலத்தில் அணில் யாருடைய பங்கையும் கேட்டதில்லை. மெதுவாகத் தன் தொன்னையை வாயில் வைத்தது. பல் கூசிற்று. மது எப்போதோ புளித்துக் காடியாகியிருந்தது.

"ஐயோ, நீ அன்றைக்கே சொன்னாயே! நான் யாரையோ போய்க் கேட்டேனே!" என்று கரடி தேம்பி அழுதது.

அணில் அதன் மடியில் ஏறி உட்கார்ந்தது. "விடப்பா. மது எப்படி இருந்தால் எனக்கென்ன? உன்னோடு உட்கார்ந்து குடிக்கத்தான் அன்றைக்கு வந்தேன்" என்றது.

அதற்குள் மழைக் காலமே முடிந்துபோயிருந்தது.

நீதி: நண்பனோடு மகிழ வேண்டிய நாளை, அடுத்தவர் நாக்கைக் கேட்டுத் தள்ளிப்போடாதே.