பண்ணையார் வைத்த பேர்

பண்ணை மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்த செங்கமலம், தன் மகளுக்குப் பூவரசி என்று பேர் வைக்க இருந்தாள். பண்ணையார் விடவில்லை.

"எங்கம்மா பேரை வை. அகிலாண்டேஸ்வரி. உலகத்தையே ஆள்றவன்னு அர்த்தம். வேற பேர் வச்சே, வேலை கிடையாது."

"சரிங்க" என்றாள்.

மறுவாரம் பண்ணையார் வீட்டில் சம்பந்தி விருந்து. எல்லோரும் இலையில் உட்கார்ந்தாயிற்று. தொழுவத்தில் பிள்ளையைக் கிடத்தியிருந்த செங்கமலத்தின் குரல் கணீரென்று கேட்டது: "அடியே அகிலாண்டேஸ்வரி! மறுபடியும் பாயை நனைச்சிட்டியா? வெட்கமா இல்லே?"

சம்பந்திகள் பண்ணையாரின் தாயாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பண்ணையார் எச்சில் கையோடு தொழுவத்துக்கு ஓடினார். "வாயை மூடுடி!"

"உலகத்தை ஆள்றவதாங்க. மூத்திரத்தைத்தான் இன்னும் ஆளத் தெரியலை."

"பூவரசின்னே கூப்பிட்டுத் தொலை!"

அதற்கப்புறமும் பூவரசி பாயை நனைத்துக்கொண்டுதான் இருந்தாள். செங்கமலம் ஒரு நாளும் திட்டியதில்லை.